இன்னும் பிறக்காத கையெழுத்து

குன்னூரிலிருந்து முதல் பஸ்.
மடியில் கணினி, பையில் நான்கு திருப்புளி,
ஒரு சுருள் பழைய கேபிள்.
மஞ்சூரில் இறங்கியபோது
என் காலணியையே எனக்குக் காட்டவில்லை மூடுபனி.

இலை எடுக்கும் கொட்டகையில்
பதினோரு பேர், எழுபது சாக்கு.
உள்ளே இலை சூடேறத் தொடங்கியிருந்தது.
கைவிட்டுப் பார்த்தேன்: காய்ச்சல்காரன் கழுத்து.
எடை போட்டாயிற்று. எடை போகவில்லை.
"காலையிலேர்ந்து இதையேதான் சொல்லுது" என்றார் போஜன்.
திரையில் சிவப்பாக:
இந்த இணைப்பை நம்ப முடியாது.

கேபிளைக் காட்டெருமை மிதித்திருக்கும் என்றேன்.
இல்லை.
ரவுட்டரை அணைத்து, அறுபது எண்ணி, போட்டேன்.
இல்லை.
எவனோ நடுவில் உட்கார்ந்து
ஃபேக்டரிபோல் குரல் மாற்றிப் பேசுகிறானோ என்று
ஒரு நிமிடம் பயந்தேன்கூட.
மாசியம்மாள்தான் திரையின் மூலையில் விரல் வைத்து,
"ஹெத்தை ஹப்பாவா இப்போ?" என்றார்.

ஆடி மாதம் அது.
கணினியில் ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை;
உள்ளே இருந்த வில்லை பேட்டரி கைவிட்டிருக்கிறது.
ஃபேக்டரி நீட்டிய சான்றிதழில் போன மார்ச் தேதி.
இதற்கோ அது பதினாறு வருடம் தள்ளி.
இன்னும் பிறக்காதவன் போட்ட கையெழுத்தை
எப்படி நம்பும்?
சரியாகத்தான் செய்திருக்கிறது.
யாரும் பார்க்காதபோது அதன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

கடிகாரக் கடையில் நாற்பது ரூபாய்.
பொருத்தி, இன்றைக்கு இன்ன தேதி என்று சொன்னேன்.

பிறகு பேசிக்கொண்டன இரண்டும்,
எதிரெதிர் மலையில் நின்று கத்துவதுபோல.
எனக்கு இன்னின்ன பூட்டு தெரியும், உனக்கு எது வரும்?
நீ யார்?
உனக்கு யார் சாட்சி?
அந்தச் சாட்சிக்கு?
ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒருவர்,
தனக்குத் தானே கையெழுத்துப் போட்டவர்.
அவருக்கு மேலே மேகம்தான்.
அவர் பெயரை மட்டும்
வாங்கும்போதே பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தாக்குக்கே கேட்கும் பேச்சில் ரகசியம் ஏது?
டீதான்.
நடுவில் எல்லோரும் பார்க்க ஒரு டிகாஷன்.
ஆளுக்கொரு ரகசியத்தை அதில் கலந்து
கலந்த கோப்பையை மாற்றிக்கொள்கின்றன.
வந்த கோப்பையில் தன்னுடையதை மறுபடி ஊற்றினால்
இரண்டிலும் ஒரே ருசி.
வழியில் நின்றவன் கோப்பைகளைப் பார்த்தான்,
மோந்தும் பார்த்தான்.
ஊற்றிய பாலை டீயிலிருந்து திரும்ப எடுக்க
அவனுக்கு எத்தனை ஆயுள் வேண்டும்?
அந்த ருசிதான் சாவி. யாரும் யாருக்கும் கொடுக்காத சாவி.
பேச்சு முடிந்ததும் இரண்டும் அதை மறந்துவிடும்.
பின்னால் ஒருநாள் வீட்டையே உடைத்தாலும்
இன்றைக்குப் பேசியது கிடைக்காது.
அந்த மறதிமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இமைப்பதற்குள் முடிந்தது.
எழுபது சாக்கின் கிலோவும் மலையிறங்கிப் போயிற்று.
திரையில் அரிசியளவு பூட்டு.

"அப்போ வழியில எவனும் எங்க கிலோவைத் தொட முடியாது?"
மாசியம்மாள்.
முடியாது.
"மாத்தி எழுத?"
மாற்றினால் தெரிந்துவிடும்.
தலையாட்டினார். பிறகு தராசைப் பார்த்தார்.
ஈரத்துக்கென்று சாக்குக்கு இரண்டு கிலோ
போஜன் கழித்து எழுதிய நோட்டைப் பார்த்தார்.
"பங்குனி வெயில்லயும் இதே ரெண்டுதான்" என்றார்,
என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல.

போஜன் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.
திருப்புளிகளை எண்ணி உள்ளே வைத்தேன்.
குறைத்த கிலோவைத்தான் அனுப்பியிருக்கிறேன்,
பத்திரமாக,
ஓர் எழுத்து மாறாமல்.
பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.